தொண்டைக்குள் கட்டி: கிள்ளுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டு பி.ஜி. மாணவர்களுக்கும் எழுதுகிறேன். சேலத்தில் திங்கட்கிழமை ஓ.பி. என்றால் காதில் சீழ், மூக்கடைப்பு, தலைசுற்றல், மூக்கில் கடலைப்பருப்பைத் திணித்துக்கொண்ட குழந்தை என்று வரிசை நீளும். அந்த வரிசையின் நடுவே ஒருவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே நிற்பார். "சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்பார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் உள்ளே உருண்டையாக என்னவோ தெரியும். உங்கள் கை உடனே பயாப்சி ஃபார்செப்ஸை, சோதனைக்குச் சதை கிள்ளி எடுக்கும் இடுக்கியை, தேடும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஊரில் இப்படி வரும் கட்டிகளில் அதிகமானவை நீங்கள் சந்தேகப்படுவதுதான்: புகையிலை கொண்டுவந்த புற்று. அதைக் கிள்ளித்தான் ஆக வேண்டும். ஆனால் அதே இடத்தில், அதே அளவில், கிள்ளினால் ரத்தம் பீய்ச்சும் கட்டியும் வரும், கிள்ளக் கிள்ள நோயாளியின் ஒரே தைராய்டைத் தின்றுவிடும் கட்டியும் வரும், எலும்பும் வரும். பார்த்த மாத்திரத்தில் இவற்றைப் பிரிக்க முடியாது. மூச்சு, பேச்சு, கண், விரல், படம், அதன் பிறகே கத்தி. இந்த வரிசையைக் குலைக்காமல் போனால் அபூர்வமான கட்டியும் தானாகவே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மூச்சு

நோயாளி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். ஓ.பி. இரைச்சலில் தூரத்திலிருந்து கேட்காது, பக்கத்தில் போய் நில்லுங்கள். உள்ளிழுக்கும்போது மட்டும் சத்தம் என்றால் அடைப்பு குரல்வளை மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கிறது. இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் என்றால் அதற்குக் கீழே. பிறகு ஒரே ஒரு கேள்வி: "ராத்திரி எப்படித் தூங்கறீங்க?" "செவுத்துல சாஞ்சு உட்கார்ந்துட்டேதாங்க" என்று பதில் வந்தால் அவர் ஓ.பி. நோயாளி இல்லை. சீட்டில் அட்மிஷன் எழுதிவிட்டு சீனியருக்குப் போன் போடுங்கள்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிட்டுக்கொண்டு, கழுத்தை முன்னே நீட்டி உட்கார்ந்திருப்பவரின் நாக்கை அழுத்திப் பார்க்காதீர்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தூக்க ஊசி கூடவே கூடாது. உட்கார்ந்தபடியே ஆக்சிஜன், ஸ்டீராய்டு ஊசி, அட்ரினலின் நெபுலைசர். இவை நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வாங்கிய நேரத்தில் மயக்க மருந்து டாக்டரும் டிராக்கியாஸ்டமி (கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து வழி செய்வது) செட்டும் வந்து சேர வேண்டும். "முதல்ல ஒரு சி.டி. எடுத்துட்டு வரட்டும்" என்று யாராவது சொன்னால், அந்த மேசையில் அவரால் படுக்க முடியுமா என்று கேளுங்கள். மூச்சு அடைத்த நோயாளிக்கு சி.டி. அறையைப் போல மோசமான இடம் வேறில்லை.

ஏற்காட்டில் பணிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர், கரடியூர்ப் பக்கத்திலிருந்து வருபவர் ஏற்காட்டுக்கு வரவே நேரமாகியிருக்கும். மூச்சுச் சத்தத்தோடு இருப்பவரை 108-இல் ஏற்றினால் உட்கார்ந்த நிலையில், ஆக்சிஜனோடு, மூச்சுப்பாதையைக் கவனிக்கத் தெரிந்த ஒருவரோடு ஏற்றுங்கள். வண்டி கிளம்புமுன் கீழே போன் செய்து "தொண்டை அடைப்பு, தியேட்டர் தயாராக இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். மலை இறங்கும் நேரத்தில் கீழே ஆள் கூடிவிடுவார்கள்.

பேச்சு

மூச்சு நன்றாக இருந்தால் அவசரமே வேண்டாம். இங்கே ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் பின்னால் ஐந்து நாள் மிச்சமாகும்.

முதல் கேள்வி: "எச்சில் முழுங்கறப்போ அடைக்குதா, சோறு முழுங்கறப்போ அடைக்குதா?" எச்சிலுக்கு மட்டும் உருண்டை நிற்பதுபோல் இருந்து, சாப்பிட உட்கார்ந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்றால் பெரும்பாலும் அது கட்டி இல்லை, நெஞ்செரிச்சலோ மனக்கவலையோ கொண்டுவரும் உணர்வு. அவரையும் பார்க்காமல் அனுப்பக் கூடாது, ஆனால் பதற வேண்டாம். சோறு நிஜமாகவே நிற்கிறது என்பவரின் கதை வேறு.

அடுத்து, எது முதலில் நின்றது? "கெட்டியா, தண்ணியா" என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே கேட்டால் "எல்லாந்தாங்க" என்பார்கள். சாப்பாட்டின் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் நல்ல அளவுகோல் ராகிக் களி. களியை யாரும் மெல்ல மாட்டார்கள், குழம்பில் தோய்த்து வழுக்கி விழுங்குவார்கள். வருஷக்கணக்காகக் களி தின்றவர் "களி எறங்கலைங்க, இப்ப கஞ்சிதான்" என்று சொன்னால் அந்த ஒரு வரியில் பாதி நோய் தெரிந்துவிடும்: வழி குறுகிக்கொண்டே வருகிறது. மாறாகக் களி இறங்குகிறது, தண்ணீர் குடித்தால்தான் புரையேறுகிறது, மூக்கில் வருகிறது என்றால் நரம்பைப் பற்றி யோசியுங்கள். கட்டியே இருந்தாலும் அது நரம்பைத் தொட்டிருக்கலாம்.

"தொக்கம் எடுத்தீங்களா?" இதையும் தவறாமல் கேளுங்கள். சேலம், தர்மபுரி கிராமங்களில் சோறு நின்றால் முதலில் போவது தொக்கம் எடுப்பவரிடம்தான். அவர் வயிற்றைத் தடவி, உறிஞ்சி, மாட்டியிருந்த சோற்றுருண்டை இதுதான் என்று எதையோ எடுத்துக் காட்டுவார். கேட்கும்போது முகத்தில் ஏளனம் தெரியக்கூடாது, தெரிந்தால் உண்மை வராது. நமக்கு வேண்டியது காலக்கணக்கு. "ரெண்டு வாரமாத்தாங்க" என்று சொன்னவரே, "ஆடிக்கு முன்னாடி ஒருக்கா எடுத்தோம், அப்புறம் தீவாளிக்கு ஒருக்கா" என்று சொல்லுகையில் நோயின் உண்மையான வயது வெளியே வந்துவிடும்.

காது வலி இருக்கிறதா என்று கேளுங்கள். காதுக்குள் பார்த்தால் சவ்வு பளிச்சென்று இருக்கும், ஆனால் வலி இருக்கும். தொண்டையிலிருந்தும் குரல்வளையிலிருந்தும் உணர்வைக் கொண்டுபோகும், மூளையின் 9, 10-ஆம் நரம்புகளின் கிளைகள் காதுக்கும் போகின்றன. அதனால் ஒரு பக்கக் காது வலியோடு சாதாரணக் காது என்றால், சொட்டு மருந்து எழுதுமுன் தொண்டையைப் பார்த்தாக வேண்டும். சொட்டு மருந்திலேயே மூன்று மாதம் ஓட்டிவிட்டு வருகிறவர்களை இந்த ஓ.பி.யில் நீங்களே பார்ப்பீர்கள்.

குரல் கம்மியிருக்கிறதா, எச்சிலில் ரத்தம் வருகிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, சாயங்காலக் காய்ச்சல் உண்டா என்பவை நீங்களே கேட்கக்கூடியவை. எடை குறைந்ததா என்று கேட்டால் தெரியாது என்பார்கள், "பழைய ஜாக்கெட் லூசாயிடுச்சா?" என்றால் உடனே பதில் வரும்.

புகையிலை விஷயத்தில் நேர்க்கேள்வி பலிக்காது. பெண்களிடம் சுத்தமாகப் பலிக்காது. "வெத்தலை போடறப்போ போயிலை எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?" என்று போடுவதை ஏற்கெனவே தெரிந்துகொண்டவர்போலக் கேட்டால் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். ஒல்லியான, வெளுத்த, நகம் குழிவிழுந்த நடுவயதுப் பெண் விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் புகையிலை இல்லாவிட்டாலும் விடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து உணவுக்குழாயின் வாயில் சவ்வு விழும் நோய் ஒன்று உண்டு. அது குரல்வளைக்குப் பின்பக்கப் புற்றுக்கு முன்னோடி. இவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் டானிக் மட்டும் எழுதப்படுகிறது.

கொலுசுப் பட்டறையில் வேலையா என்றும் கேட்டு வையுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளியைச் சுத்தம் செய்யத் திராவகம் புழங்கும். எப்போதோ தண்ணீரென்று எடுத்துக் குடித்தது பின்னாளில் உணவுக்குழாய்ச் சுருக்கமாக வரும். அங்கே கட்டி இருக்காது, ஆனால் புகார் ஒன்றுதான்.

கண்

வாயை முழுதாகப் பாருங்கள், கட்டியிலிருந்து தொடங்காதீர்கள். பல், ஈறு, கன்னம், நாக்கின் ஓரம், அண்ணம், டான்சில் என்று போய்க் கடைசியில் கட்டிக்கு வாருங்கள். ஒரு பக்க டான்சில் பெரிதாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே பெருத்திருக்கிறதா, அல்லது பின்னாலிருந்து ஏதோ அதை உள்ளே தள்ளுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். டான்சிலும் அண்ணமும் சேர்ந்து நடுவை நோக்கி நகர்ந்திருந்து, மேல்சவ்வு வழவழவென்று இயல்பாக இருந்தால் நோய் டான்சிலில் இல்லை. அதற்குப் பின்னால், கழுத்துப் பெருங்குழாய்கள் ஓடும் இடத்தில் இருக்கிறது.

அடுத்தது கண்ணாடி. தொண்டைக்குள் விட்டுப் பார்க்கும் வளையும் ஸ்கோப் வந்த பிறகு குரல்வளைக் கண்ணாடியைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம் என்றாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஸ்கோப் ஒன்றுதான் இருக்கும், அதற்கு வரிசை இருக்கும். கண்ணாடி உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிப் பக்கத்தைச் சூடு காட்டுங்கள், உலோகப் பக்கத்தை அல்ல. உங்கள் புறங்கையில் வைத்துச் சூடு பாருங்கள். நோயாளி அதைப் பார்ப்பது நல்லது, பயம் குறையும். நாக்கை காஸ் துணியால் பிடித்து முன்னே இழுங்கள், கீழ்ப்பற்களில் இழுபட விடாதீர்கள். கண்ணாடியின் முதுகால் உள்நாக்கை மேலே தூக்குங்கள், தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் ஓங்கரித்துவிடும். வாயால் மூச்சு விடச் சொல்லிப் பொறுமையாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஈ" என்று இழுக்கச் சொல்லுங்கள். குரல்வளை மூடி முன்னே நகர்ந்து குரல்நாண்கள் தெரியும். இரண்டு நாணும் அசைகின்றனவா? ஒன்று நின்றுபோயிருந்தால் கட்டி சாதாரணமானது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓங்கரிப்பு மிகுதியானால் 10 சதவீத லிக்னோகெய்ன் ஸ்பிரே அடிக்கலாம். ஒவ்வாமை கேட்டுவிட்டு அடியுங்கள். மூச்சுச் சத்தம் உள்ளவருக்கு அடிக்காதீர்கள். அடித்த பிறகு ஒரு மணி நேரம் டீ தண்ணீர்கூடக் கூடாது என்று கூட வந்தவரிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். மரத்த தொண்டையில் புரையேறும்.

கட்டியே கண்ணுக்குப் படாமல், குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் எச்சில் மட்டும் குளம்போலத் தேங்கி நிற்பதைப் பார்த்தால் "நார்மல்" என்று எழுதிவிடாதீர்கள். கீழே வழி அடைத்திருக்கிறது என்பதற்கு அந்தத் தேக்கமே சாட்சி. பள்ளத்தின் அடியிலோ, குரல்வளைக்குப் பின்புறமோ புற்று ஒளிந்திருக்கலாம். ஸ்கோப் போட்டு, வாயை மூடிக் கன்னத்தை ஊதச் சொன்னால் பள்ளம் விரிந்து உள்ளே இருப்பது தெரியும்.

கட்டி தெரிந்தால் சீட்டில் ஒரு படம் வரையுங்கள். இடம் நடுவிலா பக்கத்திலா, மேற்பரப்பு புண்ணா வழவழப்பா, நிறம் வெளிறலா சிவப்பா நீலமா மஞ்சளா, விழுங்கும்போது நகர்கிறதா என்று பக்கத்தில் எழுதுங்கள். கலைத்திறன் வேண்டியதில்லை. "தொண்டையில் கட்டி +" என்று எழுதிய சீட்டால் அடுத்த டாக்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

விரல்

மூச்சு நன்றாக இருப்பவருக்கு மட்டும் இந்தப் படி. புதிதாக வருபவர்கள் இதைத்தான் தவிர்க்கிறார்கள். கையுறை போட்டு, கடி வாங்காமல் இருக்க மறுகையால் நோயாளியின் கன்னத்தை வெளியிலிருந்து பற்களுக்கிடையே லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை நாக்கின் அடிவரை கொண்டுபோங்கள். ஓங்கரிப்பார், கண்ணில் தண்ணீர் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விரலுக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த நொடிகளில் கண்டுபிடிக்க வேண்டியது: துடிக்கிறதா, எலும்புபோல் இருக்கிறதா, அழுத்தினால் அமுங்கி மறுபடி நிரம்புகிறதா, அல்லது வேரூன்றிக் கல்லாக இறுகியிருக்கிறதா. நாக்கின் அடிப்புற்று பல சமயம் கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

பிறகு கழுத்து. நோயாளிக்குப் பின்னால் நின்று தடவுங்கள். நெறி கட்டியிருந்தால் எத்தனை, எந்த மட்டத்தில், கல்லா ரப்பரா என்று பாருங்கள். குரல்வளையை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்தால் பின்னால் முதுகெலும்பில் உரசும் நெறநெறப்பு எல்லோருக்கும் இருக்கும். அது இல்லாமல் போயிருந்தால் நடுவில் ஏதோ புகுந்துவிட்டது. கடைசியாகத் தைராய்டு: அது அதன் இடத்தில் இருக்கிறதா? பெரிதாயிருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு.

நாக்கை நீட்டச் சொல்லுங்கள், "ஆ" சொல்லச் சொல்லி அண்ணம் சமமாக உயர்கிறதா பாருங்கள், தோளை உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. மூளையிலிருந்து வரும் கீழ்நரம்புகளில் ஒன்று செயலிழந்திருந்தால் கட்டி மண்டையோட்டின் அடிவரை போயிருக்கலாம்.

கிள்ளக் கூடாதவை

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் காபிப் பழம் பறிக்கும் பெண் ஒருவர் வந்தார். முப்பதைத் தாண்டிய வயது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரிக் குரல். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு களி இறங்குவது குறைந்ததாகச் சொன்னார். வேறோர் இடத்தில் "நாக்குக் கட்டி, வெட்டி எடுத்துடலாம்" என்று நாளும் குறித்திருந்தார்கள். பணம் புரட்ட முடியாததால் இங்கே வந்தார். நாக்கின் பின்பக்கம், நட்ட நடுவில், அரை எலுமிச்சம்பழம் கவிழ்த்த மாதிரிச் சிவப்பான வழவழப்பான மேடு, மேலே மெல்லிய ரத்தக்குழாய்கள். நெறி இல்லை, புகையிலை இல்லை. கழுத்தின் முன்புறம் தடவினால் தோலுக்கடியில் நேராக மூச்சுக்குழாயின் வளையங்கள் விரலில் தட்டின. நடுவில் சுரப்பி இருந்தாக வேண்டிய இடம் காலி. அல்ட்ராசவுண்டில் கழுத்தில் தைராய்டு இல்லை. தைராய்டு போதாதபோது ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.ஹெச். ஹார்மோன் மிக அதிகம்.

கருவில் தைராய்டு நாக்கின் அடியில் உருவாகிக் கழுத்துக்கு இறங்கி வர வேண்டும். இவருக்கு அது இறங்கவே இல்லை. இப்படி நாக்கிலேயே நின்றுவிட்டவர்களில் பெரும்பான்மையினருக்கு உடம்பில் வேறெங்கும் தைராய்டு கிடையாது. வெட்டியிருந்தால் ரத்தம் ஒரு பக்கம், ஆயுள் முழுக்க ஒரு சுரப்பி போன கணக்கு இன்னொரு பக்கம். உறுதிப்படுத்த, தைராய்டுத் திசு எங்கே இருக்கிறது என்று காட்டும் டெக்னீஷியம் ஸ்கேன் எடுக்கலாம். இவருக்குத் தைராக்சின் மாத்திரையிலேயே மேடு மெல்லச் சுருங்கியது, குரல் தெளிந்தது. மாத்திரைக்கு அடங்காமல் மூச்சையும் அடைக்கும் கட்டிகளுக்குத்தான் அறுவை. ஆகவே நடுக்கோட்டில், நாக்கின் அடியில், வழவழப்பாக எது இருந்தாலும் முதலில் கழுத்தில் அல்ட்ராசவுண்டும் டி.எஸ்.ஹெச்.சும். அந்த இரண்டு தாளும் கையில் வராமல் யாரும் அதைத் தொடக் கூடாது என்பது எங்கள் யூனிட்டில் எழுதாத சட்டம்.

துடிக்கும் கட்டி அடுத்தது. வயதானவர்களுக்கு, குறிப்பாக ரத்தக்கொதிப்பு உள்ள பெண்களுக்கு, கரோடிட் தமனி நெளிந்து தொண்டையின் பின்சுவர் வரை வந்து நிற்பதுண்டு. பார்க்கச் சவ்வுக்கடியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். விரல் வைத்தால் நாடி அடிக்கும். அதில் ஃபார்செப்ஸ் வைத்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. டான்சிலைப் பின்னாலிருந்து தள்ளும் கட்டியையும் வாய்வழியே கிள்ளாதீர்கள். அது காதுக்கு முன்னால் உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்மடலிலிருந்து வந்ததாக இருக்கலாம், நரம்புறைக் கட்டியாக இருக்கலாம், ரத்தக்குழாய் நிறைந்த பாராகாங்கிலியோமாவாகவும் இருக்கலாம். கழுத்திலும் கட்டி தெரிந்து, அது பக்கவாட்டில் அசைந்து மேலும் கீழும் அசையாவிட்டால் கடைசியாகச் சொன்னதன் மேல் சந்தேகம் வலுக்கும். விடலைப் பையன், மூக்கில் அடிக்கடி ரத்தம், அண்ணத்துக்கு மேலிருந்து தொங்கும் சதை என்றாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அது ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தம் நிறைந்த கட்டி, ஓ.பி.யில் தொடக்கூடாத கட்டிகளில் முதல் வரிசை. நீலநிறமாக அமுங்கி நிரம்புவது ரத்தக்குழாய்க் கட்டி, அதையும் விடுங்கள்.

பின்சுவரின் நடுவில் கெட்டியாகப் புடைத்திருக்கும், சவ்வு இயல்பாக இருக்கும், வருபவர் கழுத்து விறைத்த, சர்க்கரை உள்ள வயதான ஆண்: பெரும்பாலும் அது கழுத்தெலும்பு முன்பக்கம் வளர்ந்து நீட்டிக்கொண்டிருப்பது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மெழுகு வழிந்ததுபோல எலும்பு முள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரியும். ஆனால் ஒன்று. எலும்பைக் கண்ட சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இந்த வயதில் எலும்பு முள் பலருக்கு இருக்கும். அதற்குக் கீழே புற்றும் இருக்கலாம். ஸ்கோப்பை முழுதாக முடியுங்கள்.

பின்சுவரில் மெத்தென்று புடைத்து, சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் கழுத்து வலியும் சேர்ந்தால் கழுத்தெலும்பில் டிபி, அதன் சீழ் முன்னால் வந்திருக்கிறது என்று நினையுங்கள். முதுகெலும்புக்கு முன்னால் தேங்கும் இந்தச் சீழ் நடுக்கோட்டில் புடைக்கும். குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் சீழ்க்கட்டி ஒரு பக்கமாகப் புடைக்கும், அதை வாய்வழியே வெட்டி வடிக்கலாம். டிபி சீழை வாய்வழியே திறக்கக் கூடாது, வெளிக்கழுத்து வழியாகத்தான்.

இன்னொன்று, வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். "இருமினா சதை மாதிரி ஒண்ணு வாய்க்கு வந்துடுதுங்க, முழுங்கினா உள்ள போயிடுதுங்க" என்று ஒருவர் சொல்வார். நீங்கள் பார்க்கும்போது தொண்டை காலியாக இருக்கும். எண்டாஸ்கோப்பி ரிப்போர்ட்கூட நார்மல் என்று வரலாம், ஏனென்றால் அந்தச் சதையின் மேலும் இயல்பான சவ்வுதான் போர்த்தியிருக்கும். அவர் சொல்வதை நம்புங்கள். உணவுக்குழாயின் மேல்வாயிலிருந்து காம்போடு தொங்கும் ராட்சத பாலிப் அது. 10 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். ஒருநாள் குரல்வளைமேல் விழுந்து மூச்சை அடைத்துவிடும், அதனால் வீட்டுக்கு அனுப்பாமல் அட்மிட் செய்யுங்கள். எடுத்த பிறகு முழுக் கட்டியையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இவற்றில் பல உண்மையில் கொழுப்புத்திசுப் புற்றின் வீரியம் குறைந்த வகை என்று இப்போது தெரிந்திருக்கிறது, அந்த வகையைக் கண்டறியும் எம்.டி.எம்.2 மரபணுச் சோதனை முடியுமா என்று பெத்தாலஜி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படம்

பக்கவாட்டுக் கழுத்து எக்ஸ்ரேயை யாரும் இப்போது மதிப்பதில்லை. எனக்கு இன்னும் பிடித்தது அதுதான். மலிவு, உட்கார்ந்தபடியே எடுக்கலாம். பெரியவர்களுக்குக் கழுத்தின் 2-ஆம் எலும்புக்கு முன்னால் மென்திசு 7 மி.மீ.க்குள்ளும், 6-ஆம் எலும்புக்கு முன்னால் 22 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். கூடினால் பின்சுவரில் ஏதோ இருக்கிறது. முள் மாட்டியதும் காற்றுப் புள்ளியும்கூட இதிலேயே தெரியும்.

அடிக்கடி புரையேறுபவரை, விழுங்கும் வழி எக்ஸ்ரேயில் தெரிவதற்கான பேரியம் கரைசலை விழுங்கச் சொல்லாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். மற்றவர்களுக்கு அது சவ்வையும் சுருக்கத்தையும் தொங்கும் பாலிப்பையும் அழகாகக் காட்டும். முக்கியமான படம், ஊசியில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி.: மண்டையோட்டின் அடியிலிருந்து மார்பின் மேற்பகுதி வரை கேளுங்கள், "கழுத்து" என்று மட்டும் எழுதினால் பாதியில் நிற்கும். கான்ட்ராஸ்டுக்கு முன், சிறுநீரகம் எப்படி என்று பார்க்க, கிரியேட்டினின். ஊசி போட்டதும் பளீரென்று ஒளிரும் கட்டி ரத்தக்குழாய்க் கட்டி. அதற்குக் கத்தி உங்கள் கையில் இல்லை. டான்சிலைத் தள்ளும் கட்டிக்கும், நாக்கின் அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரிவதற்கும் எம்.ஆர்.ஐ. நல்லது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, டி.எஸ்.ஹெச்., ஹெச்.ஐ.வி., கூடவே மார்பு எக்ஸ்ரே.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். மலையிலிருந்து வருபவருக்கு ஒரு ஓ.பி. நாள் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நாலு சோதனைக்கு நாலு நாள் என்று எழுதினால் மூன்றாம் நாள் வர மாட்டார்.

கிள்ளும் நாள்

கழுத்தில் நெறி இருந்தால் ஊசிப் பரிசோதனையை அங்கே முதலில் செய்யுங்கள், பல சமயம் விடை அதிலேயே கிடைத்துவிடும். துடிக்கும் கட்டிக்கு ஊசியும் கிடையாது. தொண்டைக் கட்டியைக் கிள்ளுவதற்கு மயக்க மருந்து தேவைப்பட்டால் முந்தின நாளே அந்த டாக்டரைக் கூப்பிட்டு ஸ்கோப் வீடியோவைக் காட்டுங்கள். குழாய் எப்படிப் போடுவது, போட முடியாவிட்டால் என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்வார். நாக்குக்கும் குரல்வளை மூடிக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் வரும் நீர்க்கட்டி பார்க்க அப்பாவியாக இருக்கும். மயக்க மருந்து கொடுத்த நொடியில் குழாய்க்கு வழிவிடாமல் மல்லுக்கு நிற்கும்.

புண்ணின் நடுவில் கிள்ளினால் செத்த சதைதான் வரும், விளிம்பில் கிள்ளுங்கள். ஒன்றுக்கு இரண்டு மூன்று துண்டு. சவ்வுக்கடியில் இருக்கும் கட்டியில் மேலோட்டமாகக் கிள்ளினால் "நாள்பட்ட அழற்சி" என்று ரிப்போர்ட் வரும். அதை நம்பி அனுப்பிவிடாதீர்கள். கண்ணும் விரலும் புற்று என்று சொல்ல, தாள் இல்லை என்று சொன்னால் மறுபடி ஆழமாகக் கிள்ள வேண்டும்.

பாட்டில் விஷயம் சின்னது, ஆனால் இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பெத்தாலஜிக்குப் போவது 10 சதவீத ஃபார்மலினில். டிபி சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தனியாக நார்மல் சலைனில் போடுங்கள், ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. லிம்போமா (நிணநீர்ப் புற்று) சந்தேகம் என்றால் முன்கூட்டியே பெத்தாலஜிக்குப் போன் செய்து எப்படி அனுப்புவது என்று கேளுங்கள். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் பெயர், வயது, ஐ.பி. எண், எந்தப் பக்கம் என்று தியேட்டரிலேயே எழுதிவிடுங்கள். வார்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் இரண்டு பாட்டில்கள் இடம் மாறும்.

விழுங்க முடியாதவரின் வயிற்றைக் கவனிக்க இதற்குள் மறந்திருப்பீர்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபை கண்மூடித்தனமாகச் செலுத்தாதீர்கள், கட்டியில் குத்தி ரத்தம் வரும். ஸ்கோப் பார்த்த பிறகு போடுங்கள். பல வாரம் கஞ்சியிலேயே கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு பாலும் முட்டையும் ஊற்றக்கூடாது. தயமின் கொடுத்து, பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

வீட்டாரிடம்

"அவருகிட்டச் சொல்லிடாதீங்க சார்" என்று மகன் உங்களைத் தனியாக இழுத்துப்போவான். ரிப்போர்ட் வருமுன் யாரிடமும் கேன்சர் என்றும் சொல்லாதீர்கள், ஒண்ணுமில்லை என்றும் சொல்லாதீர்கள். "கட்டி இருக்குதுங்க ஐயா, என்ன கட்டின்னு சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்று நோயாளியிடமே சொல்லலாம். அதில் பொய் இல்லை, பெரும்பாலானவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். ரிப்போர்ட் வந்த பிறகு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மகனைக் கேட்காமல் அவரையே கேளுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று என்று ஒரு தாளில் எழுதி மகன் கையில் கொடுத்துவிட்டால், ரிப்போர்ட் வரும் நாளுக்குள் அவன் வி.ஏ.ஓ. ஆபீஸைப் பார்த்துவிடுவான். சிகிச்சை தொடங்கும் தேதி இதனாலேயே தள்ளிப்போவது வழக்கம்.

ரிப்போர்ட் வாங்க வரும் தேதியைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு போன் எண்கள் வாங்கி வையுங்கள். எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று மேஸ்திரி எண்ணாக இருக்கட்டும், மேட்டில் சிக்னல் கிடைப்பது அவருக்குத்தான். வராவிட்டால் மறுநாளே கூப்பிடுங்கள். இடையில் மூச்சில் சத்தம் வந்தாலோ, படுத்தால் திணறினாலோ, வாயிலிருந்து ரத்தம் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு உட்கார்ந்தபடியே வரச் சொல்லுங்கள். இதையும் அதே சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள்.